வீட்டிலேயே இருவருக்கு ஸ்டீக் விருந்து: நெல்லைக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நம்ம ஊர் வீடுகளில் சமைத்தவர் கடைசியில்தான் சாப்பிடுவார். எல்லாருக்கும் பரிமாறி, இன்னும் கொஞ்சம் வைக்கவா என்று கேட்டு, பாத்திரமெல்லாம் ஒதுக்கிய பிறகு ஆறிப்போன சோற்றோடு உட்காருவார். கல்யாண நாளுக்கோ பிறந்தநாளுக்கோ மனைவிக்கோ கணவருக்கோ ஸ்டீக், அதாவது தடித்த மாட்டுக்கறித் துண்டைக் கல்லில் சுட்டு, செய்து கொடுக்க ஆசைப்படுகிறவர்களும் இந்தப் பழக்கத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஒருவர் புகைக்குள் நிற்கிறார், இன்னொருவர் மேசையில் தனியாக உட்கார்ந்திருக்கிறார். அப்படி நடக்கக் கூடாது. ரெண்டு பேரும் ஒரே நேரத்தில், சூடான தட்டோடு, எதிரெதிரே உட்கார வேண்டும். இந்த வழிகாட்டியில் உள்ள ஒவ்வொரு படியும் அதற்காகத்தான்.

அதற்கு ஸ்டீக் மாதிரி வசதியான சாப்பாடு வேறு இல்லை. முக்கால்வாசி வேலை மூன்று நாளைக்கு முன்பே தொடங்கி, தானாகவே நடந்துகொண்டிருக்கும். அன்றைக்கு ராத்திரி அடுப்பு முன்னால் நிற்பது இருபது நிமிடம் மட்டுமே.

முதலில் கேட்டுவிடுங்கள்

ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று நினைத்தாலும் ரெண்டு விஷயத்தை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். அவர் மாட்டுக்கறி சாப்பிடுவாரா? உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் முகம் சுளிப்பாரா? வீட்டில் மாடு சமைக்கும் பழக்கம் இல்லையென்றால் ஆட்டுச் சாப்ஸோ தூத்துக்குடிச் சீலா (வஞ்சிரம்) மீனோ வாங்கிக்கொள்ளலாம். அதைப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

கறி: எந்தப் பகுதி, ஏன்

வெளிநாட்டு வீடியோக்களில் காட்டும் ரிப்ஐ, சர்லாய்ன் எல்லாம் ஒன்றரை, இரண்டு வயதில் தானியம் போட்டுக் கொழுக்கவைத்த மாட்டின் கறி. தசைக்கு நடுவே கொழுப்பு நூல் நூலாக ஓடியிருக்கும். நமக்குக் கிடைப்பது அதுவல்ல. தமிழ்நாட்டில் 1958ஆம் ஆண்டு விலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, பத்து வயது தாண்டி உழைப்புக்கும் இனவிருத்திக்கும் உதவாத மாட்டுக்கு, அல்லது நிரந்தரமாக முடமாகிவிட்ட மாட்டுக்குத்தான் அறுக்கச் சான்றிதழ் கிடைக்கும். அதாவது நம் கடைகளுக்கு வருவது பெரும்பாலும் உழைத்து முடித்த மாடு. வயதான மாட்டுக் கறியில் ருசி அதிகம், நாரும் அதிகம். அதனால்தான் நம் பாட்டிமார் அதை மணிக்கணக்கில் வேகவைத்தார்கள். அந்தக் கறியில் தொடைத்துண்டை வாங்கி ஸ்டீக் மாதிரி சுட்டால் பல் வலிக்கும்.

ஆனால் அந்த மாட்டிலும் ஒரு பகுதி மட்டும் மெத்தென்று இருக்கும். முதுகெலும்புக்கு அடியில், உள்பக்கமாக நீளவாக்கில் ஓடும் தசை அது. மாடு நடக்கும்போதும் உழும்போதும் அதற்கு அவ்வளவாக வேலையே கிடையாது. கறிக்கடையில் ‘அண்டர்கட்’ என்று கேளுங்கள். மேலப்பாளையம் மாட்டுக்கறிக் கடைகளில் காலையில் போனால்தான் கிடைக்கும். ஒரு மாட்டுக்கு ரெண்டே ரெண்டு நீளத் துண்டு என்பதால் ஹோட்டல்காரர்கள் சீக்கிரமே எடுத்துப் போய்விடுவார்கள். முந்தின நாளே சொல்லிவைப்பது நல்லது. அண்டர்கட் ஒரு முனையில் தடித்தும் மறுமுனையில் வால் மாதிரி ஒல்லியாகவும் இருக்கும். நடுப்பகுதியில் அரைக் கிலோ முழுசாகக் கேளுங்கள். “துண்டு போடாதீங்க அண்ணாச்சி, அப்படியே தாங்க” என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் கை பழக்கத்தில் குழம்புக்கு வெட்டிவிடுவார்கள்.

மூன்று நாள் ஃப்ரிட்ஜில்

இதைத்தான் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள். ஸ்டீக் ரப்பராகிவிட்டது என்று புலம்புகிறவர்களில் பாதிப்பேருக்குக் காரணம் இதுதான் என்பது என் எண்ணம்.

அறுத்த சில மணி நேரத்தில் தசைகள் விறைத்துக்கொள்ளும். விடிகாலையில் அறுத்து எட்டு மணிக்கு விற்கும் கறி அந்த விறைப்பிலேயே நம் கைக்கு வருகிறது. குழம்புக்கு அதனால் பாதகமில்லை, வேகவேகச் சரியாகிவிடும். பத்து நிமிடத்தில் சுட்டு எடுக்கும் ஸ்டீக்குக்கு அவ்வளவு அவகாசம் கிடையாது. குளிரில் ரெண்டு, மூன்று நாள் வைத்தால் கறியிலேயே இருக்கும் நொதிகள் தசைநாரைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி இளக்கிவிடும். ஞாயிறு ராத்திரி விருந்தென்றால் வியாழக்கிழமை காலையில் வாங்குங்கள். ஃப்ரிட்ஜ் 4 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். கீழ்த்தட்டில், பின்பக்கமாக வையுங்கள். நீண்ட நேரம் கரண்ட் போய் ஃப்ரிட்ஜ் சூடாகிவிட்டால் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே குழம்பு வைத்துவிடுங்கள்.

கழுவுவதா வேண்டாமா என்பது நம் வீடுகளில் பெரிய சண்டை. கழுவினால் கிருமி போகாது, தெறிக்கும் தண்ணீரில் தொட்டி முழுக்கப் பரவும். சுத்தமான டிஷ்யூவால் ஒற்றி எடுத்தால் போதும். அத்தையோ அம்மாவோ மஞ்சள் போட்டு அலசாமல் கறியை அடுப்பில் ஏற்றவிட மாட்டார்கள் என்றால், வாங்கிய அன்றைக்கே மெதுவாக அலசி, ஈரமில்லாமல் துடைத்துவிடுங்கள். மூன்று நாளில் மேற்பரப்பு உலர்ந்துவிடும். விருந்து ராத்திரியில் மட்டும் கழுவவே கூடாது.

அப்போதே மேலே இருக்கும் வெள்ளைச் சவ்வையும் எடுத்துவிடுங்கள். கூர்மையான கத்தி முனையைச் சவ்வுக்கு அடியில் விட்டு, மேல்நோக்கிச் சாய்த்து, ஒரு கையால் சவ்வை இழுத்துப் பிடித்தபடி சீவினால் நாடா மாதிரி உரிந்து வரும். அதை விட்டுவைத்தால் சூட்டில் சுருங்கி ஸ்டீக்கைக் கோணலாக்கும். சவ்வையும் ஓரத்துண்டுகளையும் தூக்கிப் போடாதீர்கள். கால் கிலோ எலும்பு, ஒரு கை உள்ளி (சின்ன வெங்காயம்), பத்து மிளகு சேர்த்துக் குக்கரில் வேகவைத்து வடிகட்டினால் சாஸுக்கான எலும்புச்சாறு தயார்.

பப்பாளிக்காய் அரைத்துத் தடவலாமா என்று கேட்பார்கள். அண்டர்கட்டுக்கு வேண்டவே வேண்டாம். அதன் நொதி மேல்பக்கத்தைக் குழைய வைத்துவிடும், சுடும்போது மொறுமொறுப்பு வராது.

முந்தின ராத்திரி: வெட்டு, உப்பு, காற்று

சனிக்கிழமை ராத்திரி கறியை எடுத்து ரெண்டு ஸ்டீக்காக வெட்டுங்கள். ஒவ்வொன்றும் 4 சென்டிமீட்டர் தடிமன், 200 கிராமுக்குக் கொஞ்சம் கூட. மெலிசாக வெட்டினால் வெளியே சிவப்பதற்குள் உள்ளே வறண்டுவிடும்.

தூத்துக்குடிக் கல்லுப்பை அம்மியிலோ உரலிலோ நுணுக்கி, அரைக் கிலோவுக்கு முக்கால் டீஸ்பூன் கணக்கில் எல்லாப் பக்கமும் தூவுங்கள். கம்பி வலைத் தட்டில் வைத்து, மூடாமல், ஃப்ரிட்ஜில் வையுங்கள். கொஞ்ச நேரத்தில் உப்பு தண்ணீரை இழுத்து மேலே முத்து முத்தாகக் கொண்டுவரும். பயப்பட வேண்டாம். முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு அந்த உப்புத்தண்ணீரைக் கறி தானே உறிஞ்சிக்கொள்ளும். விடியும்போது உள்வரைக்கும் உப்பு இறங்கி, மேல்பக்கம் கைபட்டால் ஒட்டாத அளவுக்கு உலர்ந்திருக்கும். அந்த உலர்ச்சிக்குத்தான் இவ்வளவு பாடும். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். ஈரம் இருக்கும்வரை கறியின் மேற்பரப்பு அந்தச் சூட்டைத் தாண்டாது, அவிந்துகொண்டிருக்கும். ஸ்டீக்கின் பழுப்பு நிறமும் வாசனையும் பிறப்பது சுமார் 140 டிகிரிக்கு மேல்தான். 1912இல் லூயி கமீல் மெயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் விளக்கிய அந்த மாற்றம்தான் நம் வறுத்த கடலைக்கும் முறுகல் தோசைக்கும் வாசனை கொடுப்பது.

முந்தின ராத்திரி மறந்துவிட்டால் சமைப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் உப்புப் போடுங்கள். அதுவும் முடியாவிட்டால் தோசைக்கல்லில் வைக்கும் நொடியில் போடுங்கள். இடையில் பத்துப் பதினைந்து நிமிடம் முன்னால் போடுவதுதான் மோசம். தண்ணீர் வெளியே வந்திருக்கும், திரும்ப உள்ளே போயிருக்காது.

தொட்டுக்க என்ன

மார்கழியிலிருந்து மாசி வரைக்கும் என்றால் யோசிக்கவே வேண்டாம், சிறுகிழங்கு. உருளைக்கிழங்குக்கு இல்லாத மண்வாசனை அதில் உண்டு. மாட்டுக்கறியோடு அது சேர்வதைப் பார்த்தால், நம் மண்ணில் விளைந்ததை விட்டுவிட்டு ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ் பாக்கெட் வாங்க மனசு வராது. தோல் எடுப்பதுதான் வேலை. தண்ணீரில் ஊறவைத்து, சாக்கில் போட்டு, கல்லில் தேய்த்து அடித்தால் தோல் கழன்றுவிடும். மிச்சத்தைக் கத்தியால் சுரண்டிக்கொள்ளுங்கள். கறை கையில் ஒட்டும் என்பதால் பகலிலேயே முடித்துவிடுங்கள். உப்புத் தண்ணீரில் வேகவைத்து, உள்ளங்கையால் லேசாக அமுக்கித் தட்டையாக்கி வையுங்கள். ராத்திரி நெய்யில் ரெண்டு பக்கமும் முறுகவிட்டு மிளகு தூவினால் போதும். மற்ற மாதங்களில் சின்ன உருளையையோ சீனிக்கிழங்கையோ இதே மாதிரி செய்யலாம்.

பச்சைக்கு வெள்ளரிப்பிஞ்சும் தக்காளியும், எலுமிச்சை பிழிந்து. அவ்வளவு போதும்.

மிளகு சாஸ், மாலையிலேயே

சின்னச் சட்டியில் ஒரு டீஸ்பூன் வெண்ணெய் விட்டு, பொடியாக நறுக்கிய நாலு உள்ளியை நிறம் மாறாமல் வதக்குங்கள். பல்லாரி (பெரிய வெங்காயம்) வேண்டாம், அதன் தண்ணீர் சாஸை இளக்கிவிடும். ஒன்றரை டீஸ்பூன் மிளகை ஒன்றிரண்டாகத் தட்டிப் போட்டு, வாசனை வந்ததும் அரை டம்ளர் எலும்புச்சாறு ஊற்றிப் பாதியாகச் சுண்டவிடுங்கள். மேற்கத்திய சமையலில் இந்த இடத்தில் பிராந்தி ஊற்றுவார்கள். அது இல்லாமலே அந்த ஆழமும் மெல்லிய இனிப்பும் வர, சுண்டைக்காய் அளவு உடன்குடிக் கருப்பட்டியைத் தட்டிப் போடுங்கள். அதற்கு மேல் போனால் பாயசமாகிவிடும். இப்படியே மூடி வையுங்கள். பரிமாறும் முன் சிறுதீயில் சூடாக்கி, மூன்று மேசைக்கரண்டி ஃப்ரெஷ் க்ரீம் கலந்தால் முடிந்தது. க்ரீம் விட்ட பிறகு கொதிக்கவிட்டால் திரிந்துவிடும்.

அடுப்பு: தோசைக்கல்லே போதும்

பல நெல்லை வீடுகளில் கனத்த இரும்புத் தோசைக்கல் ஒன்று இருக்கும். ஸ்டீக்குக்கு அதைவிட நல்ல பாத்திரம் தேட வேண்டாம். குளிர்ந்த கறியை வைத்தாலும் சூடு இறங்காமல் தாங்கும். நான்-ஸ்டிக் இந்தச் சூட்டுக்கு ஆகாது. குழிந்த இருப்புச்சட்டியில் கறி முழுசாகப் படியாது. காலையில் தோசை சுடும் கல்லில் கறிவாசனை ஏறும் என்பதால், வீட்டில் பழைய கல் ஒன்று கிடந்தால் அதை இதற்கென்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஃப்ரிட்ஜிலிருந்து கறியை அரை மணி நேரம் முன்பு எடுத்தால் போதும். நம் வெயில் காலத்தில் அறைச்சூடு 32 டிகிரியைத் தாண்டிவிடும். அப்போது பச்சைக் கறி ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. பின்கதவைத் திறந்துவிடுங்கள், ஃபேனை நிறுத்திவிடுங்கள். புகை நிச்சயம் வரும்.

கல்லை மிதமான தீயில் ஏழெட்டு நிமிடம் காயவிடுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். ‘சுர்’ரென்று ஆவியானால் இன்னும் காயவில்லை. சொட்டு உருண்டையாகத் திரண்டு கல்லில் ஓடினால் சரியான சூடு, சுமார் 200 டிகிரி. எண்ணெயைக் கல்லில் ஊற்றாமல் கறியில் தடவுங்கள். செக்கு எண்ணெய் சமையலுக்கு அருமைதான், ஆனால் இந்தச் சூட்டில் கருகும். ரீஃபைண்ட் கடலை எண்ணெயோ நெய்யோ தாங்கும். மிளகும் இப்போது வேண்டாம், அதுவும் கருகிக் கசக்கும்.

கறியை வைத்ததும் லேசாக அமுக்கிவிட்டு ஒன்றரை நிமிடம் தொடாதீர்கள். ஒட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள், சிவந்ததும் தானே விடும். திருப்புங்கள், இன்னொரு ஒன்றரை நிமிடம். அதற்குப் பிறகு தீயைக் கொஞ்சம் தணித்து, நிமிடத்துக்கு ஒருமுறை திருப்பிக்கொண்டே இருங்கள். ஒரே முறைதான் திருப்ப வேண்டும் என்று பலர் சொல்வார்கள். அடிக்கடி திருப்பினால்தான் ரெண்டு பக்கமும் சமமாகச் சூடேறி, ஓரத்தில் சாம்பல் நிறத்தில் காய்ந்த பட்டை இல்லாமல் வேகும். இடுக்கியால் நிமிர்த்திப் பிடித்து ஓரங்களையும் சிவக்கவிடுங்கள். முள்கரண்டியால் குத்த வேண்டாம். கிருமி பெரும்பாலும் கறியின் மேற்பரப்பில்தான் இருக்கும், குத்தினால் அதை உள்ளே கொண்டுபோவோம்.

வெளியே சுட்டதும் சாறு உள்ளே பூட்டிக்கொள்ளும் என்ற நம்பிக்கையை 19ஆம் நூற்றாண்டில் லீபிக் என்ற ஜெர்மன் வேதியியலாளர் பரப்பினார். அது பிறகு பொய்யென்று நிரூபணமாகிவிட்டது. மேல்பக்கம் சிவப்பது ருசிக்கு. சாறு நிற்பதும் போவதும் உள்ளே ஏறும் சூட்டைப் பொறுத்தது. அதனால் ஆறேழு நிமிடத்திலிருந்தே சமையல் தெர்மாமீட்டரைப் பக்கவாட்டில் நடுப்பகுதிவரை செருகிப் பாருங்கள். விரலால் அமுக்கிக் கண்டுபிடிப்பதெல்லாம் தினமும் நூறு ஸ்டீக் சுடுகிறவருக்குக் கைவரும்.

எந்தச் சூட்டில் எடுப்பது? 55 டிகிரியில் உள்ளே நல்ல சிவப்பு. 60இல் இளஞ்சிவப்பு. 70 தாண்டினால் முழுசாக வெந்து சாம்பல் நிறம். அமெரிக்க வேளாண்துறை பாதுகாப்புக்குச் சொல்லும் கணக்கு, 63 டிகிரியில் எடுத்து 3 நிமிடமாவது ஆறவிடுவது. தெருவோரக் கடையில் திறந்தபடி தொங்கிய கறிக்கு நான் அந்த 63ஐத்தான் சொல்வேன். அண்டர்கட் என்பதால் அதிலும் மெத்தென்றுதான் இருக்கும், நடுவில் லேசான இளஞ்சிவப்பும் மிஞ்சும். கர்ப்பிணிகளுக்கும் உடம்பு முடியாதவர்களுக்கும் முழுசாக வேகவைத்துவிடுங்கள்.

தாளித்துக் கொட்டுதல்

மேற்கத்திய முறையில் பேனிலேயே வெண்ணெய் போட்டு, சாய்த்து, அள்ளி அள்ளி ஊற்றுவார்கள். தட்டையான தோசைக்கல்லில் அது நடக்காது. அதற்கு நம் வழி இருக்கிறது. ஸ்டீக்கைக் கல்லிலிருந்து எடுத்துக் கம்பி வலையில் வைத்ததும், தாளிப்புக் கரண்டியில் ரெண்டு மேசைக்கரண்டி வெண்ணெய் உருக்குங்கள். நுரை அடங்கும்போது தட்டிய வெள்ளைப்பூண்டு மூன்று பல், ஒரு இணுக்குக் கறிவேப்பிலை. இலை வெடித்து ஓய்ந்ததும், பூண்டு பொன்னிறம் தாண்டுவதற்குள், அப்படியே ஸ்டீக்கின் மேல் கொட்டி மிளகைத் தட்டித் தூவுங்கள். ரோஸ்மேரியைத் தேடி அலைய வேண்டாம். கறிவேப்பிலையும் வெண்ணெயும் சுட்ட மாட்டுக்கறியில் படும்போது எழும் மணம் அடுத்த அறையில் இருப்பவரை எழுப்பிக் கூட்டிவரும்.

இனி ஏழு நிமிடம் ஆறட்டும். உடனே வெட்டினால் சாறெல்லாம் தட்டில் ஓடிவிடும். இந்த ஏழு நிமிடம்தான் உங்களுக்குக் கிடைத்த பரிசு. சாஸில் க்ரீமைக் கலந்து, கிழங்கை முறுகவிட்டு, முகம் கழுவி, வேறு சட்டை மாற்றிக்கொண்டு வந்துவிடலாம்.

மேசை

கூட்டுக்குடும்பம் என்றால் பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஏழரைக்குள் சாப்பாடு முடித்துவிட்டு, ஒன்பது மணிக்கு உங்கள் விருந்தை வையுங்கள். தட்டட்டியில் (மொட்டை மாடியில்) ரெண்டு நாற்காலி போட்டால் இன்னும் நல்லது. ஆனால் ஆனி, ஆடியில் மேல்காற்று மெழுகுவத்தியை நிற்கவிடாது, கண்ணாடிச் சிம்னி வைத்த விளக்கு வையுங்கள். பிச்சிப்பூவைத் தலையில் வைத்துக்கொள்ளட்டும், மேசையில் குவிக்க வேண்டாம். அதன் வாசனை கறியின் வாசனையை அமுக்கிவிடும். தட்டுகளை வெந்நீரில் சூடாக்கித் துடைத்து வையுங்கள். குடிக்கப் பன்னீர் திராட்சைச் சாறு போதும்.

கத்தியும் முள்ளும் பழக்கமில்லையென்றால் அடுப்படியிலேயே விரல் தடிமனில் வெட்டி அடுக்கிக் கொண்டுவந்துவிடுங்கள். கையால் எடுத்துச் சாப்பிட்டாலும் ருசி குறையாது. வெட்டியதும் “என்னங்க, உள்ள செவப்பா இருக்கே, ரத்தமா?” என்று கேட்கலாம். அது ரத்தம் இல்லை. தசையில் இருக்கும் மயோகுளோபின் என்ற புரதம் கலந்த தண்ணீர். அப்படியும் பிடிக்காவிட்டால் வற்புறுத்தாமல், அவருடைய துண்டுகளை மட்டும் கல்லில் ஒரு நிமிடம் போட்டு எடுங்கள். கல் இன்னும் சூடாகத்தான் இருக்கும்.

இனிப்புக்கு நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம். டவுனில் நெல்லையப்பர் கோயில் எதிரே இருட்டுக்கடை சாயங்காலம்தான் திறக்கும், சீக்கிரமே தீர்ந்தும் போகும். முன்கூட்டியே போய் நின்று, சூடான அல்வா கால் கிலோ வாங்கிவந்துவிடுங்கள்.

மாட்டுக்கறி இல்லாத வீட்டுக்கு

ஆட்டுச் சாப்ஸ் என்றால் இளங்கிடாவாகக் கேட்டு வாங்குங்கள். ரெண்டு எலும்பு சேர்ந்த தடித்த துண்டுகளாக, இதே உப்பு, இதே கல், இதே தாளிப்பு. சீலா மீன் என்றால் ரெண்டரை சென்டிமீட்டர் துண்டாக வெட்டச் சொல்லுங்கள். மூன்று நாள் காத்திருப்பெல்லாம் மீனுக்குக் கிடையாது, அன்றைக்கு வாங்கி அன்றைக்கே. உப்பும் அரை மணி நேரம் முன்னால் போதும். பக்கத்துக்கு மூன்று நிமிடம் சுட்டு, சாஸில் கருப்பட்டிக்குப் பதில் எலுமிச்சை. அதையும் அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு, சில சொட்டு மட்டும்.

கல்லும் மிச்சக் கறியும்

சாப்பிட்டதும் கல்லை ஊறப்போடாதீர்கள், துருப்பிடிக்கும். வெதுவெதுப்பாக இருக்கும்போதே ஒரு கை கல்லுப்புப் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்து, துடைத்து, அடுப்பில் காயவைத்து எண்ணெய் தடவி வையுங்கள். கறி மிஞ்சினால் உடனே ஃப்ரிட்ஜில். மறுநாள் காலையில் மெலிசாகச் சீவி, பல்லாரியும் பச்சைமிளகாயும் வதக்கி, ரெண்டு முட்டை உடைத்து ஊற்றி, கறியைக் கடைசியில் சேர்த்துப் புரட்டி எடுத்தால் தோசைக்குத் தொட்டுக்க ஆகும்.